அழகம்மாள் பழக்கிய பிரேக் கட்டை

அழகம்மாளின் கைப்பக்குவத்தைப் பற்றி அவள் பிறந்த வீட்டில் இரண்டு பேச்சுக் கிடையாது. செக்கானூரணிக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் யார் புதுத் தோசைக்கல் வாங்கினாலும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். "அழகு வரட்டும், அவ பழக்குனாத்தான் கல்லு படியும்" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். அவளும் வந்து, நல்லெண்ணெயைத் தடவி, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கித் தேய் தேயென்று தேய்த்து, மறுநாள் முதல் தோசையை ஊற்றுவாள். ஒட்டவே ஒட்டாது. கல்யாணமாகி மதுரையை ஒட்டிய கோச்சடைக்கு வந்த பிறகும் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் யார் வீட்டுக் கல்லாவது அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அவள் புருஷன் மருதுவின் கைக்கு அதே ஊரில் வேறு பெயர். கை விளங்காதவன் என்று பெயர்.

அதற்குக் காரணம் அவர்களுடைய கல்யாணம்தான். சாயங்காலப் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கு மங்குகிறது என்று யாரோ சொன்னது மாப்பிள்ளைக் காதில் விழுந்துவிட்டது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். மாலையும் கழுத்துமாக எழுந்து போய், நாலு பம்ப் அடித்து, எதையோ திருகினான். உள்ளே எரிந்துகொண்டிருந்த மேண்டில் வலை பொசுக்கென்று உதிர்ந்தது. பந்தி முழுக்க இருட்டு. அந்த இருட்டில் சாம்பார் வாளியோடு வந்தவர் இலைக்குப் பதிலாகப் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரின் மடியில் ஊற்றிவிட்டார். பெரியவர் போட்ட சத்தத்தில் கொட்டுக்காரர்கள் கொட்டை நிறுத்திவிட்டார்கள். அழகம்மாளின் அண்ணன் பேயாண்டி அன்றைக்கே சொல்லிவிட்டான்: "மாப்ள தங்கமான ஆளுதான். ஆனா கை விளங்காது."

பேயாண்டி சொன்னால் ஊரே திருப்பிச் சொல்லும். சொந்தமாகப் பம்புசெட் வைத்திருந்தான். சின்ன வயதில் கொஞ்ச காலம் லாரியில் கிளீனராக ஓடியவன். அதனால் இஞ்சின் வைத்த எந்தச் சாமானும் தனக்குப் பங்காளி என்று ஒரு நினைப்பு. தங்கச்சி மேல் உயிரையே வைத்திருந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மருதுவுக்கு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் அட்டெண்டர் வேலை. வேலை நேரம் போக வீட்டில் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மண்ணெண்ணெய் ஸ்டவ், ரேடியோ, பக்கத்து வீட்டுச் சைக்கிள், மேல்வீட்டுக்காரரின் தையல் மிஷின். நியாயமாகப் பேசினால், பாதி சரியாகும், பாதி ஆகாது. கடை போட்டிருக்கிற மெக்கானிக்குகளுக்கும் அதே கதைதான், ஆனால் அவர்களை யாரும் கை விளங்காதவன் என்று சொல்வதில்லை.

பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அழகம்மாளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மாப்பிள்ளைக்கு நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள், கோழி அடித்துக் குழம்பு வைப்பார்கள். ஆனால் பம்புசெட் நின்றுபோனால் பக்கத்து ஊர் டிராக்டர்காரனைக் கூப்பிட ஆள் ஓடும். மருது நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். யாரும் அவன் கையில் ஒரு திருப்புளியைக்கூடக் கொடுத்ததில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, அண்ணன் தன் வாயால் "மாப்ள, இதைக் கொஞ்சம் பாரு" என்று சொல்லிவிட வேண்டும். அதற்காக அவள் கோச்சடை முத்தையா சாமிக்கு வேண்டிக்கொண்டதுகூட உண்டு.

எழுபத்தேழாம் வருஷம் அவர்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. டெல்லிக்கு மாறிப்போன ஒரு பேராசிரியர் தம்முடைய பழைய ராஜ்தூத்தை மருதுவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைத் துடைத்துத் துடைத்தே பெயிண்ட் போய்விடும்போல் இருந்தது. அந்த நாளில் கோச்சடையில் தெருவை விட்டு இறங்கினால் வயல்தான். சாயங்காலம் அழகம்மாளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மேலக்கால் ரோட்டில் ஒரு சுற்று போய்வருவான். ஒரு பக்கம் நெல் வாசனை, இன்னொரு பக்கம் தண்ணீர் இருந்தால் வைகை, இல்லாவிட்டால் மணல். வண்டி சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பிப் போய் நாலு வரப்பு தள்ளி உட்காரும். எங்கே போகிறோம் என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. இப்போது அந்த வயலெல்லாம் வீடாகிவிட்டது. அவள் ஆயுசிலேயே ஆகச் சந்தோஷமான நேரம் எதுவென்று கேட்டால், அந்தச் சாயங்காலங்களைத்தான் சொல்வாள்.

வண்டியில் ஒரே ஒரு குறை. பின் பிரேக் தேய்ந்திருந்தது. முன் பிரேக் ஆரம்பத்திலிருந்தே பேருக்குத்தான். பேயாண்டி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்போது வண்டி போட்ட கீச்சுச் சத்தத்தில், கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது.

"கட்டை தேஞ்சுபோச்சு மாப்ள. இரும்போட இரும்பு ஒரசுது. நல்ல ஆளாப் பாத்துக் குடுத்து மாத்து. நீ மட்டும் தொட்டுராத சாமி" என்றான் பேயாண்டி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மருதுவும் சிரித்தான். அழகம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன், அவருக்கென்ன? அவரே வீட்ல வச்சு மாத்துவாரு. வர்ற மாசம் சாமி கும்பிட வரும்போது இதே வாசல்ல, நீ நிக்கிற எடத்துல வந்து டக்குன்னு நிப்பாட்டுறாரா இல்லையான்னு பாரு."

"நிப்பாட்டட்டும் தாயி. அன்னைக்கே பம்புசெட்டு சாவியை மாப்ள கையில குடுத்துர்றேன். ஓடலைன்னா அவருதான் பாக்கணும், போதுமா?"

கோச்சடை திரும்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் மருது, "எதுக்கு அழகு வாயைக் குடுத்த?" என்றான். கேட்டானே தவிர முகத்தில் கோபமில்லை. மறுநாளே மேலவெளி வீதிக்குப் போய்ப் புதுக் கட்டை வாங்கி வந்துவிட்டான். பிறைநிலா போல வளைந்த இரண்டு இரும்பு, அதன் முதுகில் ஒட்டிய கறுத்த பட்டை. கடைக்காரர்கள் பிரேக் ஷூ என்பார்கள், மற்றவர்களுக்கெல்லாம் அது கட்டைதான்.

சாமி கும்பிடுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. காலையிலேயே வாசலில் சாக்கை விரித்து வேலையை ஆரம்பித்துவிட்டான். பின் சக்கரத்தைக் கழற்றுவதற்குள் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பழைய கட்டையை இழுத்துப் பிடித்திருந்த ஸ்பிரிங் கழன்று பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது. அதைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான்:

"அழகு, கடைக்காரர் ஒண்ணு சொன்னாரு. புதுக் கட்டையாம், கொஞ்சம் பழக்கணுமாம். பழகுற வரைக்கும் பிடிக்காதாம். ஒரு பின்னு உடைஞ்சுபோச்சு, காளவாசல் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்துர்றேன். சாமான் மேல கோழி ஏறாமப் பாத்துக்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கடைக்காரர் சொன்னது, கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி, மிதித்து மிதித்துப் பழக்க வேண்டும் என்பது. மருது பாதியைச் சொல்லிவிட்டுப் போனான். மீதிப் பாதியை அழகம்மாள் தானாகவே புரிந்துகொண்டாள்.

புது இரும்பு. பழக்க வேண்டும். பழகுகிற வரைக்கும் பிடிக்காது. இதில் அவளுக்கு விளங்காதது என்ன இருக்கிறது? புருஷன் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து அலைகிறான், தனக்குத் தெரிந்த இந்த ஒரு வேலையையாவது செய்து வைப்போம் என்று கட்டைகள் இரண்டையும் அடுப்படிக்கு எடுத்துப் போனாள். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். பட்டை வறட்டு நிலம் தண்ணீரைக் குடிப்பதுபோல எண்ணெயைக் குடித்தது. 'நல்லா இழுக்குதே' என்று அவளுக்குச் சந்தோஷம். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, காம்பைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். பிறகு பழைய வேட்டித் துணியால் சுத்தமாகத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். இதைப் போய் அவனிடம் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தட்டைக் கழுவி வைத்தேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

மருது திரும்பி வந்தான். அவன் கையிலேயே அரைப்படி கிரீஸ். கட்டையில் பிசுக்கு இருந்தால் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? மாட்டினான். ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி, ஒரு விரலை நசுக்கிக்கொண்டு, கடைசியில் சக்கரத்தை ஏற்றினான். கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காலால் மிதித்தான். நின்றது. கூடியிருந்தவர்கள் "அட!" என்றார்கள். தெருவில் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வந்தான். கொஞ்சம் வழுக்கிக்கொண்டுதான் நின்றது.

"புதுசுல்ல, பழகலை. பழகப் பழகச் சரியாயிரும்" என்றான்.

"அதெல்லாம் நல்லாவே பழகியிருக்கும்" என்றாள் அழகம்மாள். அதை அவன் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு அவள் வண்டியில் ஏறினாள். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று கிளம்பினார்கள். காளவாசல், விராட்டிபத்து, அச்சம்பத்து. ரோட்டில் அப்போது அவ்வளவு வண்டி கிடையாது. புளியமர நிழல் ஓடி ஓடி வந்தது. கட்டையைப் பழக்க வேண்டுமே என்று மருது அங்கங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டே போனான். நாகமலை புதுக்கோட்டை தாண்டியபோது குறுக்கே ஒரு செம்மறியாட்டு மந்தை வந்தது. மிதித்தான். வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்து, கடைசி ஆட்டின் வாலுக்குப் பக்கத்தில் போய் ஒருவழியாக நின்றான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் பக்கத்தில் ஏதோ பலகாரக் கடை இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். மலையும் ரோடும் ஆடும்தான் இருந்தன. வாசனை தன் காலுக்குக் கீழிருந்து வந்தது. சூடேறிய சக்கரத்திலிருந்து, நல்லெண்ணெய் ஊற்றி முறுகலாக வார்த்த வெங்காயத் தோசை வாசனை.

எண்ணெய் வைத்தால் எது வழுக்கும், எது பிடிக்கும் என்று அந்த நிமிஷத்தில்தான் அவள் புத்தி வேலை செய்தது. தோசை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வரத்தானே கல்லுக்கு எண்ணெய் தடவுகிறோம். 'அடி பாவி, சக்கரத்தையும் ஒட்டாமல் பண்ணிவிட்டாயே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் மருது திரும்பிப் பார்க்காமல், "கெட்டியாப் பிடிச்சுக்க, மெதுவாப் போயிரலாம்" என்று மட்டும் சொன்னான்.

மெதுவாகத்தான் போனார்கள். ஆனால் பேயாண்டி வீட்டுத் தெரு, ஊர்ச் சாவடியிலிருந்து சரிவாக இறங்கும். வாசலில் பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி சின்னத்தாய். சாமி கும்பிட வந்த சொந்தமெல்லாம் பின்னால். மருது பிரேக்கை மிதித்தான், முன் பிரேக்கைப் பிடித்தான், காலைத் தேய்த்தான். வண்டி பேயாண்டியைத் தாண்டியது. வாசலைத் தாண்டியது. கோழிகள் பறந்தன. கடைசியில் வைக்கோல் படப்பில் முன் சக்கரம் முழுக்கப் புதைந்து வண்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை. அழகம்மாள் தலையில் மல்லிகைப்பூவோடு வைக்கோலும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பேயாண்டி பம்புசெட் ஸ்பேனரோடு வந்து உட்கார்ந்துவிட்டான். "என்னதான் பண்ணி வச்சிருக்காருன்னு பாப்போம்" என்று சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே விரலை விட்டுத் தடவி முகர்ந்து பார்த்தான். இன்னொரு தடவை முகர்ந்தான்.

"நல்லெண்ணெய்! அட, நல்லெண்ணெய்யா! எவன்டா அது பிரேக்குக் கட்டைக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுனவன்?"

அழகம்மாள் மருதுவைப் பார்த்தாள். அவனோ மச்சானுடைய விரலைப் பார்த்தான். பிறகு ஒரே ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நான்தான் மச்சான். போன தடவை கீச்சுகீச்சுன்னு சத்தம் போட்டுச்சுல்ல, அது வரக்கூடாதுன்னு கொஞ்சம் எண்ணெய் விட்டேன்."

ஊர் வெடித்துச் சிரித்தது. சாம்பாரில் நனைந்த அந்தப் பெரியவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். அழகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணே, அவரு சொல்றது பொய்யி. நான்தான் தடவுனேன். பழக்கணும்னு சொன்னாரு, தோசைக்கல்லு மாதிரின்னு நெனச்சு நான்தான் தடவுனேன். வெங்காயம்கூடத் தேச்சேன். மோந்து பாருண்ணே!"

சின்னத்தாய் முகவாயில் கைவைத்தாள். "பாத்தீகளா, புருஷனை எம்புட்டு அழகாத் தாங்குறா! வெங்காயமாம்ல!"

"சத்தியமா மதினி, நான்தான்!"

"சும்மா இரு தாயி" என்றான் பேயாண்டி வாஞ்சையாக. "எந்தங்கச்சி கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா? எதுக்கு எண்ணெய் வைக்கணும், எதுக்கு வைக்கக் கூடாதுன்னு தெரியாதவளா நீ? மாப்ளயைக் காப்பாத்த நீ இம்புட்டுப் பாடுபட வேணாம். நம்ம எண்ணெய் மாப்ளதான, விடு."

அவள் அழுதாள். அழுததையும் புருஷன் அவமானப்பட்டதற்காக அழுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லி நம்ப வைக்க முடியாமல் போனது அவள் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். பம்புசெட் சாவி பேயாண்டியின் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

கட்டைகளை மருதுவே பெட்ரோல் விட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் காய வைத்து மாட்டினான். யாரும் பக்கத்தில் வரவில்லை. ஓரளவுக்குப் பிடித்தது. சாமி கும்பிட்டு, சோறு சாப்பிட்டு, பொழுது சாய்வதற்கு முன்பே இரண்டு பேரும் கிளம்பினார்கள். பல்கலைக்கழகம் தாண்டியதும் நாகமலை ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆட்டு மந்தைகிட்ட. காலையில சாப்பிடாம வேற கெளம்பிட்டமா, அந்த வாசனைக்கு வாயில எச்சி ஊறிருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பெறகு ஏங்க அப்படிச் சொன்னீங்க? சாவி உங்க கைக்கு வந்துருமே, ஒரு நாளாவது உங்களை ஒரு வேலை சொல்லிக் கூப்புடுவாகளேன்னு நான் எம்புட்டு ஆசையா இருந்தேன். என் பேர்ல போட்டிருந்தா என்ன? நான்தான பண்ணுனேன்?"

மருது நசுங்கிய விரலைத் தடவிக்கொண்டு நின்றான்.

"எனக்குத்தான் அந்த வீட்ல ஏற்கெனவே ஒரு பேரு இருக்கே அழகு. இருக்கிற பேரோட இதையும் சேத்துக்கட்டும், எனக்கொண்ணும் கனத்துறாது. ஊரே அடுப்புல ஏத்தாம உனக்காகக் கல்லை எடுத்து வச்சிருக்கு. நீ எதுக்கு அங்க போய்ப் புதுசா ஒரு பேரு வாங்கணும்?"

அவள் ஏறி உட்கார்ந்து அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்கவில்லை. சட்டை நனைவது தெரிந்தும் அவன் வண்டியை இரண்டாவது கியரிலேயே விட்டான்.

அந்த ஊரில் மருதுவுக்கு எண்ணெய் மாப்ள என்ற பெயர் நிலைத்துவிட்டது. எண்பதுகளில் அவள் அண்ணன் பிள்ளைகள்கூட "எண்ணெய் மாமா" என்றுதான் கூப்பிட்டார்கள். மருது அதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே திரும்புவான். ஆனால் கல்யாண வீட்டிலோ காதுகுத்திலோ, எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், "ஏ எண்ணெய் மாப்ள!" என்று யாராவது குரல் கொடுத்தால் அவனுக்கு முன்னால் அழகம்மாள்தான் திரும்பிப் பார்ப்பாள்.